திருக்கை குட்டி போட்ட வீடியோ

ஜனவரி 9

மதியம் ஒரு போலீஸ்காரர் வந்து அண்ணன் பேருக்கு ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஈரக் கையோடு வாங்கியதில் பெயர் இருந்த இடம் கலங்கிவிட்டது. அ. ரெமிஜியூஸ், 'ரெமி கடல்' சேனல். விலங்கை வதைத்ததாகவும் அதைப் படம் பிடித்துப் பரப்பியதாகவும் புகார். இருபதாம் தேதி ஸ்டேஷனுக்கு வர வேண்டும்.

எந்த வீடியோ என்று கேட்கவே தேவையில்லை. திருக்கை குட்டி போட்டதுதான். போன அக்டோபரில் போட்டது. நாற்பத்தொரு லட்சம் பேர் பார்த்தது. எங்கள் சேனலை ஊருக்கு வெளியே கொண்டுபோனதே அதுதான். அதை நேற்றே தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அண்ணன் கடலிலிருந்து வந்து தாளைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். "மீன் பிடிக்கிறவன் மேல மீனுக்காகக் கேஸா?" என்று சிரித்தார். சாப்பிடவில்லை.

தூத்துக்குடியில் இருக்கும் வக்கீல் குற்றாலிங்கத்துக்குப் போன் செய்தேன். பன்னிரண்டாம் தேதி வரச் சொன்னார். அதுவரைக்கும் நடந்ததையெல்லாம் தேதி போட்டு எழுதி வையுங்கள், நடந்தது நடந்தபடி, பின்னால் உதவும் என்றார். அதனால்தான் இந்த நோட்டு.

என் பெயர் டெல்பினா. வயது முப்பத்தாறு. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஏழு வருஷம் முன்னால் திரும்பி வந்தவள். சேனலில் முகம் அண்ணனுடையது. படம் பிடிப்பது, வெட்டுவது, ஒட்டுவது, தலைப்பு வைப்பது எல்லாம் நான்.

ஜனவரி 10

காஸ் தீர்ந்துபோனது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினேன். பின்னூட்டங்களைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்து, பார்த்தேன். அண்ணனைக் கொலைகாரன் என்று எழுதியிருக்கிறார்கள்.

ஜனவரி 12

வக்கீல் அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே போனதும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "மீனெல்லாம் விலங்கா சார்?"

"இந்தச் சட்டத்துக்கு மனுஷனைத் தவிர உயிரோட இருக்கிற எல்லாமே விலங்குதான்."

"அப்ப எங்க தொழில் மொத்தமும் குத்தமா?" என்றேன் நான்.

"இல்லம்மா. சாப்பாட்டுக்காகக் கொல்றதுக்கு சட்டமே விலக்கு கொடுத்திருக்கு. நீங்க பிடிக்கலாம், கொல்லலாம், விக்கலாம். ஆனா அந்த விலக்குக்கு ஒரு வால் இருக்கு. தேவையில்லாத வேதனை கொடுத்திருக்கக் கூடாது." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்தத் திருக்கை கரைக்கு வந்த பிறகு எவ்வளவு நேரம் உயிரோட இருந்துச்சு?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "கொஞ்ச நேரம் சார்."

"வீடியோ பத்து நிமிஷம் சார்," என்றேன்.

நான் சொன்னது பொய் இல்லை. வீடியோ பத்து நிமிடம்தான்.

சேனலில் இருக்கும் இருநூற்று எண்பது வீடியோக்களையும் ஒன்றுவிடாமல் பார்த்து, சந்தேகமானதையெல்லாம் எடுத்துவிடச் சொன்னார் வக்கீல். திரும்பும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது. சந்தையில் மீன் துடிப்பதைப் பார்க்கிறவர்கள் மேலெல்லாம் யாரும் கேஸ் போடுவதில்லை. கேமரா பிடித்ததுதான் குற்றமா?

ஜனவரி 14

காலையிலிருந்து கணினி முன்னால். முதல் வருஷத்து வீடியோக்கள். வலை இழுப்பது, தரம் பிரிப்பது, ஏலம். சந்தேகமாக ஒன்றும் இல்லை. வேகமாக ஓட்டிக்கொண்டே போனேன்.

பதினோரு மணிக்குத் திரையில் ஒரு கணவாய் மீன் வந்தது. வள்ளத்தின் பலகையில் கிடக்கிற கணவாய். அண்ணன் அதைக் கையில் எடுக்கும் முன் நாலு விநாடி. அந்த நாலு விநாடியை ஏதோ தட்டி மெதுவாக ஓடவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை.

அதன் தோலுக்குள் புள்ளிகள் இருக்கின்றன. மைத்துளி தண்ணீரில் விரிவதுபோல ஒவ்வொரு புள்ளியும் விரிகிறது, சுருங்குகிறது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரு நிழல் ஓடுகிறது. மேகம் வயல்மேல் ஓடுமே, அப்படி. உடம்பு அசையவே இல்லை, நிறம் மட்டும் ஓடுகிறது. அப்புறம் வெள்ளை. அப்புறம் காவி. கண்ணைச் சுற்றி ஒரு பச்சை வளையம் எரிந்து அணைகிறது.

அது செத்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து கணவாய் கழுவுகிறேன். அதன் மையில் கை கறுக்கக் கறுக்கக் கழுவியிருக்கிறேன். இதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

மாலைக்குள் பத்து வீடியோதான் முடிந்தது.

ஜனவரி 17

பேத்தை மீன் வீடியோக்கள் ஒன்பது. 'ஊது மச்சான் ஊது' என்று நான்தான் பெயர் வைத்தேன். வலையில் தவறி வரும் பேத்தையைச் சீண்டினால் பந்து மாதிரி ஊதும். வயிற்றைத் தட்டினால் டப்பென்று சத்தம் வரும். அதற்கு ஒரு தவில் இசையும் சேர்த்திருந்தேன்.

பேத்தையை இங்கே யாரும் சாப்பிடுவதில்லை. விஷம். அப்படியானால் சட்டத்தின் விலக்கு இதற்குக் கிடையாது. இதை எழுதிவைக்கிறேன், வக்கீலுக்கு.

நீக்கும் முன் ஒன்றை நிறுத்திப் பார்த்தேன். ஊதிய மீனின் கண்ணில் நீலமும் பொன்னுமாகத் தூள் தூவியதுபோல இருக்கிறது. அந்தக் கண் கேமராவின் பக்கம் திரும்புகிறது. அதாவது என் பக்கம். ஒன்பதையும் நீக்கினேன். ஒரு நிமிடம் ஆகவில்லை.

திருக்கை ஃபைலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஜனவரி 20

ஸ்டேஷன். சார்பு ஆய்வாளர் ஒரு பெண், இசக்கியம்மாள். எங்களை உட்காரச் சொன்னார். வீடியோவின் ஒரு பிரதி அவரிடம் இருந்தது, போனில் ஓடவிட்டார். என் இசை, என் எழுத்துகள், என் மஞ்சள் அம்புக்குறி.

"இதுல திருக்கை மேல தண்ணி ஊத்துறீங்க. எதுக்கு?" என்று கேட்டார்.

"உயிரோட இருக்கத்தாம்மா," என்றார் அண்ணன்.

"உயிரோட எதுக்கு இருக்கணும்? கொல்லத்தானே கொண்டு வந்தீங்க?"

அண்ணன் போனில் ஓடும் படத்தைப் பார்த்தார். "வீடியோவுக்குத்தாம்மா."

"யார் சொல்லிச் செஞ்சீங்க?"

"யாரும் சொல்லல. நான்தான். என் சேனலு, என் கை."

இசக்கியம்மாள் எழுதிக்கொண்டார். என்னைப் பார்த்து, "நீங்க?" என்றார்.

"கேமரா," என்றேன்.

எனக்குக் காலையிலிருந்தே தொண்டை கட்டியிருந்தது. அதனால் அதிகம் பேசவில்லை.

ஜனவரி 24

திருக்கை ஃபைலைப் பார்த்தேன். வெட்டாத முழுப் பதிவு, ஐம்பத்திரண்டு நிமிடம். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். படம் பார்க்கச் சத்தம் எதற்கு.

கதவு அகலத்துக்கு ஒரு திருக்கை. ஈர மணலில் கிடக்கிறது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு துளைகள் திறந்து மூடுகின்றன. அண்ணன் குடத்தால் தண்ணீர் ஊற்றுகிறார். பதினெட்டாவது நிமிடத்தில் வாலடியிலிருந்து ஏதோ வெளியே வருகிறது. முதலில் வெற்றிலைச் சுருள் மாதிரிதான் தெரிகிறது. முழுதாக வந்து மணலில் விழுந்ததும் ஒரு விநாடி அப்படியே கிடக்கிறது. பிறகு விரிகிறது. இடது இறக்கை முதலில், வலது பிறகு. உள்ளே மடித்து வைத்திருந்த ஓரங்கள் ஒவ்வொரு மடிப்பாக அவிழ்கின்றன. கிழியவில்லை, கசங்கவில்லை. என் உள்ளங்கை அளவுக்கு முழுத் திருக்கை. வால், கண், துளைகள், எல்லாம் சரியாக இருக்கின்றன. இறக்கையை அடிக்கிறது. மணலில் நீந்தப் பார்க்கிறது. தண்ணீர் எப்படி இருக்கும் என்று அதற்கு யார் சொன்னார்கள்?

இதை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன். வெட்டும்போது மட்டும் இருபது தடவை இருக்கும். வெட்டுகிற கண் வேறு போலிருக்கிறது.

ஜனவரி 28

ரேஷன் கடையில் பாமாயில் இல்லை. அண்ணன் ஊர்க் கமிட்டிக் கூட்டத்துக்குப் போய் உடனே திரும்பிவிட்டார். என்ன என்று கேட்டதற்கு, "சும்மா சிரிக்கானுவ," என்றார்.

பிப்ரவரி 3

இன்று நடந்ததை எழுத எனக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

இதுவரை நான் கரையில்தான் படம் பிடித்திருக்கிறேன். வள்ளத்தில் கேமராவைக் கட்டிவைத்து அனுப்புவேன். இனிமேல் மீனைப் படம் பிடிக்க வேண்டாம், கடலை மட்டும் எடுக்கலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். "அப்ப நீயே வா," என்றார். விடிந்ததும் கிளம்பினோம். அண்ணன், கூட வேலை செய்யும் சிலுவைமுத்து, நான். பொம்பளை வள்ளத்தில் ஏறுகிறாள் என்று கரையில் இரண்டு பேர் ஏதோ சொன்னார்கள். அண்ணன் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

முந்தின நாள் போட்ட வலையை இழுத்து வாங்கத் தொடங்கியபோது வலை வரவில்லை. இரண்டு பேர் இழுத்தும் வரவில்லை. பாறையில் மாட்டியிருக்கும் என்றார் சிலுவைமுத்து. அப்போது பாறை நகர்ந்தது.

தண்ணீருக்கு அடியில் வெள்ளைப் புள்ளிகள். முதலில் வெயில் என்றுதான் நினைத்தேன். வரிசை வரிசையாக, நடுவில் கோடுகளோடு, கட்டம் போட்ட துணி மாதிரி. அது மேலே வந்துகொண்டே இருந்தது. முடியவே இல்லை. தலை வள்ளத்தின் முனையில் இருந்தது, வால் எங்கே என்று நான் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

"அம்மணி உழுவை," என்றார் சிலுவைமுத்து. கோயிலுக்குள் பேசுகிற குரலில் சொன்னார். திமிங்கிலச் சுறா என்று பேப்பரில் போடுவார்கள். உலகத்திலேயே பெரிய மீன். அதைப் பிடிப்பது சட்டப்படி பெரிய குற்றம், வள்ளத்துக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும்.

வலை அதன் தலையைச் சுற்றி, செவுள்களுக்குள் இறங்கி, பக்கத்துச் சிறகில் இறுகியிருந்தது. அண்ணன் சட்டையைக் கழற்றினார். கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

"அண்ணே, வேண்டாம். அது ஒரு அடி அடிச்சா..."

"கேமராவைக் கீழ வையி பிள்ள. இந்த வலைக் கயித்தைப் பிடி. நான் சொல்லும்போது விடணும், முந்தி விட்டா நான் வலைக்குள்ள மாட்டிக்கிடுவேன்."

வைத்தேன். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தேன். அண்ணன் இறங்கினார். கயிற்றின் வழியாக அந்த மீனின் கனம் என் தோள்வரை வந்தது. அது மூச்சுவிடுவதுகூட வந்தது. செவுள் திறக்கும்போது ஒரு இழுப்பு, மூடும்போது ஒரு தளர்ச்சி. நானும் அந்தக் கணக்கில் மூச்சுவிட ஆரம்பித்துவிட்டேன் என்று பிறகுதான் உணர்ந்தேன்.

அண்ணன் ஆறு தடவை மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போனார். ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு வலை மிதந்து வந்தது. அந்த மீன் துள்ளவில்லை, திமிரவில்லை. ஒரு பஸ் அளவு உடம்பு, ஒரு அடியில் வள்ளத்தைக் கவிழ்த்திருக்கும். அப்படியே நின்றது. அதன் கண் சின்னது, எலுமிச்சங்காய் அளவு. அண்ணன் போகும் பக்கமெல்லாம் அந்தக் கண்ணும் போனது.

"விடு!"

விட்டேன். கயிறு கையை எரித்துக்கொண்டு போனது. புள்ளிகள் மெல்ல நகர்ந்தன. அவசரமே இல்லை. வால் ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம். கீழே போகப் போகப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. பிறகு தண்ணீர்தான் இருந்தது.

அண்ணனை இழுத்து ஏற்றினோம். உடம்பெல்லாம் கீறல், அதன் தோல் உப்புத்தாள் மாதிரியாம். பல் நடுங்க, சின்னப் பையன் மாதிரிச் சிரித்தார். "அதுக்குத் தெரிஞ்சிட்டு பிள்ள. நான் அவுக்கத்தான் வந்தேன்னு அதுக்குத் தெரிஞ்சிட்டு. செவுளுக்குள்ள கையை விட்டேன். அப்படியே நின்னுது."

சிலுவைமுத்து அழுதுகொண்டிருந்தார். மீதி வலையை யாரும் எடுக்கவில்லை, ரொம்ப நேரம்.

கீழே வைத்த கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. முப்பத்தெட்டு நிமிடம், வெறும் வானமும் எங்கள் குரல்களும்.

பிப்ரவரி 4

அந்தப் பதிவைக் கேட்டேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் என்னென்னவோ பேசியிருக்கிறேன். "கொஞ்சம் பொறு தாயி, கொஞ்சம் பொறு," என்கிறேன். மீனிடமா, எனக்கு நானேவா, தெரியவில்லை.

அதன் பிறகு திருக்கை ஃபைலைச் சத்தத்தோடு போட்டேன்.

நடந்தது நடந்தபடி எழுதச் சொன்னார் வக்கீல். எழுதுகிறேன். மூன்றாவது நிமிடத்தில் அண்ணன் கத்தியை எடுக்கிறார். என் குரல்: "அண்ணே, இப்ப வேண்டாம். வெளிச்சம் நல்லாருக்கு." ஒன்பதாவது நிமிடம். "வயிறு அசையுது. குட்டி இருக்கு. தண்ணி ஊத்துங்க, செத்துரக் கூடாது." முதல் குட்டி வந்ததும் நான் சிரிக்கிறேன். கை தட்டுகிறேன். இருபத்தேழாவது நிமிடத்தில் அண்ணன், "போதும் பிள்ள, பாவமா இருக்கு. முடிச்சிருதேன்," என்கிறார். தெளிவாகக் கேட்கிறது. "அண்ணே, இன்னும் ஒண்ணு வரும். ஒண்ணே ஒண்ணு. இந்தப் பக்கத்துல இருந்து எடுக்கணும்." அதற்குப் பிறகு இருபத்தைந்து நிமிடம். மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிடத்தைத்தான் நான் பத்தாக வெட்டினேன். வெட்டினபோது என் குரலைத்தான் முதலில் எடுத்தேன்.

அண்ணனிடம் கேட்டேன், ஸ்டேஷனில் ஏன் சொல்லவில்லை என்று. கீறல்களுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ கேட்டே, நான் செஞ்சேன். கை என்னோடதுதானே."

"நான் கேட்டிருக்கவே கூடாதுண்ணே."

"மேல எட்டலை, முதுகுல கொஞ்சம் தடவி விடு," என்றார்.

பிப்ரவரி 9

முழுப் பதிவையும் பென் டிரைவில் போட்டு இசக்கியம்மாளிடம் கொடுத்தேன். வக்கீல் கூடாது என்றார். அண்ணனும் கூடாது என்றார்.

இசக்கியம்மாள் முழுவதும் பார்க்கவில்லை, இருபத்தேழாவது நிமிடத்தை மட்டும் பார்த்தார். "நீங்களே கொண்டுவந்து தாறீங்க. உங்க பேரும் சேருமே, தெரியுமா?"

"தெரியும்மா."

"வாக்குமூலம் எழுதுவோமா?" என்றார். டீ வாங்கிவரச் சொன்னார். எனக்குத் தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 12

நீதிமன்றம். எங்களுக்கு முன்னால் இரண்டு திருட்டுக் கேஸ், ஒரு சாராயக் கேஸ். பிறகு எங்கள் பெயர். இரண்டு பேருமே குற்றத்தை ஒப்புக்கொண்டோம். அதோடு முடிந்துவிடும் என்றுதான் வக்கீல் சொல்லியிருந்தார். ஆனால் நடுவர் அம்மா பதிவைப் பார்க்க வேண்டும் என்றார்.

மேசைமேல் மடிக்கணினியை வைத்தார்கள். சத்தம் முழுசாக. அந்த அறையில் என் குரல் கேட்டது. வெளிச்சம் நல்லாருக்கு. தண்ணி ஊத்துங்க. பின்னால் இருந்த பெஞ்சில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். நான் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதினெட்டாவது நிமிடம் வந்தது. குட்டி விழுந்தது, விரிந்தது.

நடுவருக்குக் கீழே உட்கார்ந்து எழுதும் வயசான குமாஸ்தா தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார். வாசலில் நின்ற போலீஸ்காரர் கழுத்தை நீட்டினார். சாராயக் கேஸில் வந்தவர்கூட அருகே வந்துவிட்டார், யாரும் விரட்டவில்லை. மடிக்கணினியில் என் சிரிப்பும் கைதட்டலும்.

நடுவர் கை காட்ட, நிறுத்தினார்கள்.

"குட்டிங்க என்ன ஆச்சு?"

எனக்குத் தெரியாது. படம் போதும் என்றானதும் நான் வெட்டி ஒட்ட வீட்டுக்கு ஓடிவிட்டேன். கேட்கவே இல்லை, இந்த ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட.

"மூணும்மா," என்றார் அண்ணன். "ரெண்டு கரையிலயே செத்துப்போயிட்டு. ஒண்ணை இடுப்பளவுத் தண்ணிக்குக் கொண்டுபோய்க் கையை விரிச்சேன். கொஞ்ச நேரம் கையிலயே இருந்துச்சு. பிறகு நீந்திப் போயிட்டு. பிழைச்சிருக்குமான்னு சொல்ல முடியாதும்மா."

"அது வீடியோல இல்லையே."

"எடுக்க ஆள் இல்லம்மா."

நடுவர் கொஞ்ச நேரம் எழுதினார். எழுதியதை அடித்தார். "நீங்க செஞ்சது குத்தம். இந்த மிருகத்தைச் சாப்பாட்டுக்காக உயிரோட வச்சிருக்கல, நாங்க பார்க்கிறதுக்காக வச்சிருக்கீங்க." பிறகு பேனாவை மூடினார். "நானும் இப்பப் பார்த்தேன். இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல. அதுதான் எனக்குச் சங்கடமா இருக்கு."

இரண்டு பேருக்கும் அபராதம், எச்சரிக்கை. சட்டம் பழையது, அதில் எழுதியிருக்கும் அபராதம் இன்றைக்கு ஒரு சாப்பாட்டுக்குக் காணாது. வெளியே வந்து வக்கீல் கை கொடுத்தார். அண்ணன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"உன் குரலு அப்படி இருக்கும்னு நினைக்கல பிள்ள," என்றார். "அன்னைக்குக் கேட்டப்ப சின்னப் பிள்ள சந்தோசப்படுதேன்னுதான் இருந்துச்சு."

மார்ச் 13

துணி துவைத்தேன். மோட்டார் பழுது. அண்ணன் கடலுக்குப் போய் நிறைய சாளை கொண்டுவந்தார். நன்றாகக் குளிர்ந்த ஐஸில் வந்தது. குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மார்ச் 29

மறுபடியும் வள்ளத்தில் போனேன். இப்போது கரையில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

வலை போட்டுவிட்டுத் திரும்பும்போது எட்டு மணி இருக்கும். கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரி இருந்தது. தூரத்தில் டமார் என்று ஒரு சத்தம். பலகையைத் தண்ணீரில் ஓங்கி அடித்தது மாதிரி. அண்ணன் இன்ஜினை நிறுத்தினார்.

ஒரு திருக்கை தண்ணீருக்குமேல் எழும்பியது. ஆள் உயரத்துக்கு எழும்பியது. இரண்டு இறக்கையையும் விரித்து ஒரு கணம் காற்றில் நின்று, தட்டையாக விழுந்தது. அது விழுந்து சத்தம் வருவதற்குள் வேறொன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. கடல் முழுக்கக் கறுப்புத் துணிகளை யாரோ உதறிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குண்ணே இப்படித் துள்ளுது?"

"முப்பது வருஷமாப் பாக்கேன், தெரியல," என்றார் அண்ணன். சிலுவைமுத்துவுக்கும் தெரியவில்லை. பதினேழு எண்ணினேன், அதற்குமேல் எண்ணிக்கை தவறிவிட்டது.

கிட்டே போகலாமா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். இருந்த இடத்திலிருந்தே எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் திரையில் கடுகு மாதிரிப் புள்ளிகள், மேலே போய்க் கீழே வருகின்றன. சத்தம் மட்டும் பின்னால், தாமதமாக. வெட்டாமல், இசை சேர்க்காமல், அம்புக்குறி போடாமல் அப்படியே போட்டேன். சாயங்காலம் வரை இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு பின்னூட்டம்: 'ஒண்ணுமே தெரியல.'

அண்ணனிடம் காட்டினேன். போனை வாங்கி, ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி, அவரே பதில் போட்டார்.

'தூரத்துல நின்னோம் தம்பி. எங்களுக்கு நல்லாத் தெரிஞ்சுது.'